லீஸில் எலெக்ட்ரிக் கார் எடுத்தால் வரிச்சலுகை யாருக்குப் போகும்?

கோத்தகிரி ஹோம்ஸ்டே:
சாமான் வாங்க மேட்டுப்பாளையம், குன்னூர் என்று வாரத்தில் நாலு நாள் மலை இறங்கி ஏறுகிறேன். 14 லட்சத்தில் ஒரு எலெக்ட்ரிக் கார் பார்த்து வைத்திருக்கிறேன். ரோடு டாக்ஸ் இல்லை, வருமான வரியிலும் 1.5 லட்சம் கழிக்கலாம் என்கிறார் ஷோரூம்காரர். தம்பியோ லீஸில், அதாவது கம்பெனி பெயரில் இருக்கும் வண்டியை மாத வாடகைக்கு எடுக்கச் சொல்கிறான். லீஸ் என்றால் அரசு விடுகிற வரி என் கைக்கு வருமா, கம்பெனியோடு நின்றுவிடுமா?

குன்னூர்க்காரன்:
அக்கா, 2023 நவம்பரில் ஏற்றியதிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல் காருக்கு ஆயுள் வரி, அதாவது ஷோரூம்காரர் சொன்ன ரோடு டாக்ஸ், 18 சதவீதம். 14 லட்சத்துக்கு 2,52,000 ரூபாய். எலெக்ட்ரிக்குக்கு அது முழு விலக்கு. விலக்கு வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை, அதனால் லீஸ் கம்பெனி பெயரில் பதிந்தாலும் வரி கிடையாது. ஆனால் மிச்சமானது மாத வாடகையில் குறைந்திருக்கிறதா என்று நீங்கள்தான் துருவிக் கேட்க வேண்டும். எனக்கு வந்த கொட்டேஷனில் ரோடு டாக்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே தொகையாக இருந்தது, பிரித்துக் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வாடகை இறங்கியது. விலக்குக்குக் காலக்கெடு உண்டு, அரசாணை போட்டுத்தான் நீட்டுகிறார்கள், பதியும் நாளில் அது நடப்பில் இருக்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் கணக்கர்:
அந்த 1.5 லட்சத்தை நம்பி வாங்காதீர்கள். அது வருமான வரிச் சட்டத்தில் 80இஇபி பிரிவு, எலெக்ட்ரிக் வண்டி வாங்கிய கடன் வட்டிக்கு மட்டும், அதுவும் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்கு. இன்று வாங்கும் கடனுக்குக் கிடையாது, லீஸுக்கு என்றைக்குமே இருந்ததில்லை. தொழிலுக்கு ஓடும் எலெக்ட்ரிக் காருக்குத் தேய்மானம் (வண்டி பழசாவதற்காக வருடா வருடம் லாபத்தில் கழிப்பது) 40 சதவீதம், பெட்ரோல் காருக்கு 15தான். அது உரிமையாளருக்கு, அதாவது லீஸில் கம்பெனிக்கு. நீங்கள் வாடகையைச் செலவாகக் காட்டலாம். 44ஏடியில், அதாவது செலவுக் கணக்கு இல்லாமல் வரவில் குறிப்பிட்ட பங்கையே லாபமாக வைக்கும் முறையில், வருமானம் காட்டுபவர் என்றால் இரண்டையுமே தனியாகக் கழிக்க முடியாது. ஜிஎஸ்டி, வண்டி வாங்கினாலும் 5 சதவீதம், லீஸ் வாடகைக்கும் 5 சதவீதம்.

ஊட்டி ரோடு:
வண்டி எந்த மாநிலப் பதிவு என்றும் கேளுங்கள். கர்நாடகப் பதிவு வண்டியைக் கொடுத்தால் 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டும்போது பதிவை மாற்றியாக வேண்டும், அந்த அலைச்சல் உங்கள் தலையில் விழும். அப்புறம் ஒன்று, கோத்தகிரியில் 100 சதவீதம் வரை சார்ஜ் ஏற்றிக்கொண்டு மலை இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லாவிட்டால் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) பிடிக்காது, வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதிக்க வேண்டியிருக்கும்.

கோத்தகிரி ஹோம்ஸ்டே:
நான் 44ஏடிதான். அப்படியென்றால் வாங்க ஆகும் மொத்தச் செலவை, கடன் வட்டியையும் வண்டியை விற்றால் வருவதையும் கணக்கில் வைத்து, லீஸுக்கு மொத்தமாகக் கட்டுவதோடு ஒப்பிட்டால் போதும், இல்லையா? திங்கட்கிழமை பிரித்த கொட்டேஷன் வாங்கி வந்து இங்கே போடுகிறேன், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.