ஃபார்ம் இழந்த நட்சத்திர ஆட்டக்காரருக்கு அணியில் எவ்வளவு காலம் இடம் தரலாம்?

கேள்வி

2025 ஜனவரி 3 அன்று, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான சிட்னி டெஸ்டின் டாஸைப் பார்ப்பதற்காக அதிகாலை நாலரை மணிக்கே எழுந்து தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தேன். அணித் தலைவர் ரோகித் சர்மா வர வேண்டிய இடத்தில் பும்ரா நடந்து வந்தார். அப்போது எனக்கு ஏற்பட்டது நிம்மதியா வருத்தமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தொடரில் ரோகித் ஆடிய ஐந்து இன்னிங்ஸ்களில் 3, 6, 10, 3, 9 என மொத்தம் 31 ரன்கள்தான் வந்திருந்தன. தன் மட்டையிலிருந்து ரன் வராததால் தானாகவே ஒதுங்கி நின்றதாகவும், ஓய்வு பெறும் எண்ணம் இல்லை என்றும் மறுநாள் அவரே விளக்கினார்.

ஆனால் அதே அணியில் விராட் கோலி தொடர்ந்து ஆடினார். பெர்த்தில் அவர் எடுத்த ஆட்டமிழக்காத சதத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால், மற்ற எட்டு இன்னிங்ஸ்களிலும் சேர்த்து 90 ரன்கள்தான். அந்த எட்டு முறையும் அவர் விக்கெட் கீப்பரிடமோ ஸ்லிப் பகுதியிலோ பிடி கொடுத்தே வெளியேறினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நியூசிலாந்து நம் மண்ணிலேயே 3-0 என்று நம்மை வென்றிருந்தது. அந்தத் தொடரின் ஆறு இன்னிங்ஸ்களில் கோலி 93 ரன்களும் ரோகித் 91 ரன்களும் எடுத்திருந்தார்கள்.

நான்கு மாதங்கள் கழித்து, மே 7 அன்று ரோகித்தும் மே 12 அன்று கோலியும் டெஸ்டிலிருந்து ஓய்வை அறிவித்தார்கள். அதனால் தேர்வுக் குழு என்ன செய்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தெரியாமலேயே போய்விட்டது. நான் கோலியின் ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன்; அவரை நீக்க வேண்டும் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. என்றாலும் கேட்கிறேன். 123 டெஸ்டுகளில் 30 சதம் அடித்த ஒருவருக்கு, ரன் வராத காலத்தில் எத்தனை இன்னிங்ஸ் வரை பொறுமை காட்டலாம்? ஒதுங்குவதை அவர் மனசாட்சிக்கு விடுவது முறையா, அல்லது தேர்வாளர்களே முன்வந்து சொல்ல வேண்டுமா?

மறுமொழி 1

தாங்கள் இத்தனை இன்னிங்ஸ் என்று ஓர் எண்ணைக் கேட்கிறீர்கள். அப்படி ஓர் எண்ணை வைத்திருந்தால் கோலி என்ற டெஸ்ட் ஆட்டக்காரரை நாம் 2014-ஆம் ஆண்டிலேயே இழந்திருப்போம் என்பதை முதலில் நினைவுபடுத்த விரும்புகிறேன்.

அந்த ஆண்டு இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தது 134 ரன்கள், சராசரி 13.40. இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆண்டர்சன் மட்டுமே நான்கு முறை அவரை ஆட்டமிழக்கச் செய்தார். ஐந்து டெஸ்டுகளிலும் அவரை ஆட வைத்த அணி நிர்வாகத்தை அன்று பலர் குறை கூறினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அடிலெய்டில் அணித் தலைவராக இறங்கி 115, 141 என்று இரண்டு இன்னிங்ஸ்களிலும் சதம் அடித்தார். அந்த ஆஸ்திரேலியத் தொடரின் நான்கு டெஸ்டுகளில் 692 ரன்கள் குவித்தார். 2018-இல் இங்கிலாந்துக்கே திரும்பிச் சென்றபோது 593 ரன்கள் எடுத்தார். தோல்வி அடைந்த அந்தக் கோடைக்காலத்தில் கிடைத்த நம்பிக்கைதான் இவ்வளவையும் சாத்தியமாக்கியது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

அதைவிடத் தெளிவான சான்று 2024 டி20 உலகக் கோப்பை. இறுதிப் போட்டிக்கு முந்தைய ஏழு இன்னிங்ஸ்களில் அவர் எடுத்த மொத்த ரன்கள் 75. அரையிறுதி முடிந்தபோது, இறுதிப் போட்டிக்கு வேறொருவரைத் தொடக்க ஆட்டக்காரராக இறக்க வேண்டும் என்று எங்கள் வீட்டிலேயே வாதம் நடந்தது. பார்படாஸில் நடந்த இறுதிப் போட்டியில் மூன்று விக்கெட்டுகள் விரைவில் சரிந்த நிலையில் அவர் ஒருவரே 76 ரன்கள் எடுத்தார். இந்தியா வென்றது ஏழு ரன் வித்தியாசத்தில்தான். முந்தைய ஏழு இன்னிங்ஸ்களின் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அந்தக் கோப்பை நம் கைக்கு வந்திருக்குமா?

2019 நவம்பரில் ஈடன் கார்டனில் அடித்த சதத்துக்குப் பிறகு, 2022 செப்டம்பரில் துபாயில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 122 அடிக்கும் வரை, ஆயிரம் நாள்களுக்கும் மேலாக எந்த வகைப் போட்டியிலும் அவரிடமிருந்து சதம் வரவில்லை. அந்த இடைவெளியில், டெஸ்டில் அஸ்வினையே உட்கார வைக்க முடிகிறபோது டி20-இல் கோலியையும் உட்கார வைக்கலாம் என்று கபில் தேவே வெளிப்படையாகச் சொன்னார். 2022 அக்டோபரில் மெல்போர்னில் பாகிஸ்தானுக்கு எதிராக கோலி ஆடிய ஆட்டத்தை நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சிட்னியைப் பற்றியும் ஒரு சொல். ரோகித் ஒதுங்கினார், அவருக்குப் பதிலாக அணிக்குள் வந்த சுப்மன் கில் 20, 13 என்று வெளியேறினார், ஆறு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். மாறாக 1997-இல் ஆஸ்திரேலியாவின் மார்க் டெய்லர் தொடர்ந்து 21 இன்னிங்ஸ்களில் அரைசதம் காணாத நிலையிலும் தலைவராக நீடித்தார். எட்ஜ்பாஸ்டனில் 129 அடித்து மீண்டார்; இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடரையும் வென்றார்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியில் சொல்லப்பட்ட எண்கள் அனைத்தும் உண்மை. ஆனால் வாய்ப்பு கிடைத்தவர் மீண்ட கதைகள் மட்டுமே அதில் இருக்கின்றன. அதே அளவு வாய்ப்பு கிடைக்காதவர்களின் கதை அதில் இல்லை. எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

2020 முதல் 2022 வரையிலான மூன்று ஆண்டுகளில் கோலி 20 டெஸ்டுகளில் 917 ரன்கள் எடுத்தார். சராசரி 26-ஐச் சற்றே தாண்டியது. அதே காலத்தில் புஜாராவும் ரகானேவும் ஏறத்தாழ இதே போலத்தான் தடுமாறினார்கள். 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட அணியில் அந்த இருவருக்கும் இடமில்லை. கோலிக்கு இருந்தது. புஜாரா இங்கிலாந்தின் சசெக்ஸுக்குச் சென்று அந்நாட்டு உள்ளூர் ஆட்டங்களான கவுண்டி ஆட்டங்களில் ரன் குவித்து, அதன் பலத்தில் ஜூலையில் எட்ஜ்பாஸ்டன் டெஸ்டுக்குத் திரும்பி 66 ரன்கள் எடுத்தார்; டிசம்பரில் சட்டோகிராமில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு டெஸ்ட் சதமும் அடித்தார். 2023 ஜூனில் ஓவலில் நடந்த உலக டெஸ்ட் இறுதிப் போட்டியில் 14, 27 எடுத்தவுடன் மறுபடியும் நீக்கப்பட்டார். 103 டெஸ்டுகள் ஆடியவருக்கு அதுவே கடைசி டெஸ்டாக அமைந்தது. ஒரே அணியில், ஒரே நடு வரிசையில், ஒரே அளவு ரன் எடுத்தவர்களுக்கு இரண்டு அளவுகோல்கள் இருந்தன என்பதை எப்படி மறுப்பது?

கருண் நாயரை எண்ணிப் பாருங்கள். 2016 டிசம்பரில் நம் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303 ரன்கள் எடுத்தார். சேவாக்குக்குப் பிறகு இந்தியாவுக்காக முச்சதம் அடித்த ஒரே ஆட்டக்காரர் அவர். காயத்திலிருந்து ரகானே திரும்பியதும் அடுத்த டெஸ்டிலேயே அவருக்கு இடமில்லை. அதன் பின் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று டெஸ்டுகள். பிறகு எட்டு ஆண்டுகள் வெளியே. உள்நாட்டுப் போட்டிகளில் மலைபோல் ரன் குவித்துத்தான் 2025-இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே எட்டு இன்னிங்ஸ்களில் 205 ரன்கள். அடுத்த தொடரில் மீண்டும் வெளியே. முச்சதம் அடித்தவருக்கு மூன்று டெஸ்டும், எட்டு ஆண்டுகள் காத்திருந்தவருக்கு நான்கு டெஸ்டும் போதும் என்று முடிவு செய்கிற தேர்வு முறை, மற்றொருவருக்கு மூன்று ஆண்டுகள் தருமானால், அந்தப் பொறுமையை நம்பிக்கை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. பெங்களூரில் நியூசிலாந்துக்கு எதிராக 150 அடித்த சர்ஃபராஸ் கான், 2024-25 ஆஸ்திரேலியத் தொடரின் ஐந்து டெஸ்டுகளையும் வெளியே உட்கார்ந்துதான் பார்த்தார்.

நீக்கம் என்பது ஒருவரை முடித்துவிடுவதாகவே நாம் பேசுகிறோம். சௌரவ் கங்குலி அணித் தலைவர் பதவியையும் அணியில் இடத்தையும் இழந்தவர். அவரை நடத்திய விதம் எனக்கு இன்றும் உவப்பாக இல்லை. ஆனால் உள்நாட்டு ஆட்டங்களில் ஆடித் திரும்பி, 2006 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்கில் ஆட்டமிழக்காமல் 51 எடுத்தார். தென்னாப்பிரிக்க மண்ணில் நமக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அது. அடுத்த ஆண்டு டெஸ்டில் 1,106 ரன்கள். பாகிஸ்தானுக்கு எதிராக பெங்களூரில் 239. தன் ஆட்ட வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகளுள் ஒன்றை அவர் நீக்கப்பட்ட பிறகே கண்டார்.

எனவே தாங்கள் கேட்டதற்கு என் விடை இதுதான். ஒதுங்குவதை ஆட்டக்காரரின் மனசாட்சிக்கு விடக்கூடாது. ரோகித் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். ஆனால் தேர்வாளர்கள் சுமக்க வேண்டிய பாரத்தை அவர் தோளில் ஏற்றியது சரியல்ல.

மறுமொழி 3

பன்னிரண்டு ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். ரன்களின் எண்ணிக்கையைவிட, ஒருவர் எப்படி ஆட்டமிழக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் குறித்துக்கொள்வேன். ஒருநாள் ரன் அவுட், மறுநாள் அருமையான யார்க்கர், அதற்கடுத்த நாள் நடுவரின் ஒரு தவறான தீர்ப்பு என்று போனால் அந்த மாணவனைத் தொடவே மாட்டேன். காத்திருந்தால் ரன் தானாக வரும். ஒரே பந்துக்கு ஒரே விதமாக மூன்று முறை வெளியேறினால், அவனை அடுத்த ஆட்டத்தில் இறக்குவது அவனுக்கே செய்யும் தீங்கு என்று நினைக்கிறேன். ஆட்ட நாளில் எவரும் பழக்கத்தைத் திருத்திக்கொள்வதில்லை. வலைப்பயிற்சியிலும், யாரும் கவனிக்காத சிறிய ஆட்டங்களிலும்தான் அது நடக்கும்.

விதிவிலக்கு உண்டு. 2003-இல் டெண்டுல்கர் ஐந்து டெஸ்டுகளில் சராசரி 17 என்ற நிலைக்கு இறங்கியிருந்தார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மட்டையை நீட்டுவதே தன்னை வீழ்த்துகிறது என்று உணர்ந்து, 2004 ஜனவரியில் சிட்னியில் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றும் கவர் டிரைவ் என்ற அடியையே கைவிட்டு 241 ரன்கள் எடுத்தார். தனக்கு மிகவும் பிடித்த ஒன்றை அவ்வளவு நேரம் அடக்கி வைக்க எத்தனை பேரால் முடியும்? அதே மைதானத்தில் 2025-இல் கோலி இரண்டு இன்னிங்ஸ்களிலும் ஆஸ்திரேலியாவின் போலண்டின் பந்தில் ஸ்லிப் பகுதியில் பிடி கொடுத்தபோது எனக்கு அந்த 241-தான் நினைவுக்கு வந்தது.

மறுமொழி 2 எழுதிய நண்பர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே! மாநில அணிகள் மோதும் ரஞ்சிப் போட்டிகள் நடக்கும் மாதங்களும் இந்திய அணி டெஸ்ட் ஆடும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. சிட்னி தோல்விக்குப் பிறகே உள்நாட்டு ஆட்டங்களில் ஆடுவதை இந்திய கிரிக்கெட் வாரியம் கட்டாயமாக்கியது. அந்த ஜனவரியில் கோலி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு டெல்லிக்காக ரஞ்சியில் இறங்கினார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்த அந்த ஆட்டத்தில் 6 ரன்களில் ஸ்டம்ப் பறந்தது. அவருக்கு அங்கே கிடைத்தது ஒரே ஓர் இன்னிங்ஸ். இருபது இன்னிங்ஸ் ஆடக் கிடைத்திருந்தால்தான் அதைப் பயிற்சி என்று சொல்ல முடியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எழுதத் தொடங்கியபோது முதல் மறுமொழியின் பக்கம்தான் என் மனம் இருந்தது. பார்படாஸ் இறுதிப் போட்டியை எடுத்துக்காட்டியதும் இன்னும் உறுதியானது. ஆனால் புஜாராவையும் கோலியையும் அருகருகே வைத்து எழுதியதைப் படித்த பிறகு என்னால் அதே இடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு டி20 தொடரில் ஏழு இன்னிங்ஸ் என்பது நான்கு வாரங்களுக்கும் குறைவான காலம். டெஸ்டில் மூன்று ஆண்டுகள் என்பது வேறு ஒருவரின் இளமை. இரண்டையும் ஒரே பொறுமை என்று நான் குழப்பிக்கொண்டிருந்தேன்.

கோலி விட்டுச்சென்ற நான்காம் இடத்தில் இறங்கிய கில், 2025-இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் 754 ரன்கள் எடுத்தார். அதைப் பார்த்து மகிழ்ந்தேன். உள்ளுக்குள் ஓர் ஓரத்தில் வலித்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பயிற்சியாளர் நண்பரிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். 2022 பிப்ரவரியில் புஜாராவிடம் சொன்னதைப் போலவே கோலியிடமும் சொல்லி, இரண்டு மாதங்கள் ஏதாவது ஒரு கவுண்டியில், கேமராக்களின் கூட்டம் இல்லாத மைதானத்தில், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே செல்லும் பந்துகளை விட்டுவிடப் பழகி வரச் செய்திருந்தால், 2025 மே மாதத்துக்குப் பிறகும் அவர் நமக்காக வெள்ளை உடையில் ஆடிக்கொண்டிருப்பார் என்று தாங்கள் நம்புகிறீர்களா?