மணி அடிக்காத நாட்கள்: பணி ஓய்வுக்குப் பிறகு அன்றாடத்தை எப்படி அமைத்துக்கொள்வது?

கேள்வி: தமிழாசிரியர், மன்னார்குடி

அனைவருக்கும் வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியராக இருந்து, 60 வயது நிறைந்த பிறகும் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனத்தில் தொடர்ந்து, சென்ற கோடையில் ஓய்வு பெற்றேன். ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. பிள்ளைகள் வெளியூரில் நலமாக இருக்கிறார்கள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். எட்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்பதைத் தவிர உடம்பிலும் குறை இல்லை. குறைப்பட்டுக்கொள்ளக் காரணம் இல்லாத ஒருவன் குறைப்பட்டுக்கொள்கிறான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஹரித்ராநதித் தெப்பக்குளத்தை நான்கு முறை சுற்றி வருகிறேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். கோயில் குளம் என்பதால் செருப்பில்லாமல் நடப்பது என் வழக்கம். எட்டு மணிக்குள் குளியல், செய்தித்தாள், சிற்றுண்டி எல்லாம் முடிந்துவிடுகின்றன. ஒன்பதேகால் மணி, அதாவது பிள்ளைகள் இறைவணக்கக் கூட்டத்துக்கு வரிசையில் நிற்கும் நேரம் வந்தால், கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறது. அதற்குப் பிறகு இருப்பது தொலைக்காட்சி விவாதம், பகல் உறக்கம், அதன் பலனாக இரவில் உறக்கமின்மை. ஓய்வு பெற்றதும் படிக்கலாம் என்று வாங்கி அடுக்கிய நூல்களில் எதுவும் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. 34 ஆண்டுகள் பாடவேளை பாடவேளையாக வெட்டிக் கொடுக்கப்பட்ட நேரத்தில் வாழ்ந்தவனுக்கு, வெட்டாமல் முழுதாகக் கையில் கொடுக்கப்பட்ட நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சும்மா இருக்க முடியாமல் ஒரு நாள் சமையலறைச் சம்படங்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டி அகர வரிசையில் அடுக்கினேன். மனைவி மூன்று நாள் பொறுத்திருந்தார், நான்காம் நாள், "கடுகுக்கும் சீரகத்துக்கும் நடுவில் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டா நான் தாளிப்பது?" என்று கேட்டார்.

ஒரு தனியார் பள்ளியில் முழுநேரப் பணிக்கு அழைக்கிறார்கள், போகலாமா? உடல்நலத்துக்கு இந்த நடை போதுமா? பணிக்கொடையாக வந்த தொகையைக் கடனாகக் கேட்டு உறவினர் இருவர் வீட்டுக்கு வந்துபோகிறார்கள் என்பது மூன்றாவது கவலை.

மறுமொழி 1: பொன்மலைப் பணிமனையில் இருந்தவர், திருச்சிராப்பள்ளி

ஐயா, எனக்கு 73 வயது. தங்கள் இரண்டாம் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். அதில்தான் நான் அடிபட்டுக் கற்றிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற நாள் முதல் நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். அதைப் பற்றிப் பெருமையும் பேசிக்கொண்டிருந்தேன். 66ஆம் வயதில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்தில் தரையில் பந்தி போட்டார்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டேன். இலையை மடித்துவிட்டு எழ முயன்றபோது கால்கள் எழுப்பவில்லை. இரண்டு இளைஞர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லதுதான் என்றாலும், வயது ஏற ஏறக் கரைந்துகொண்டே போகும் தசையை அது மட்டும் காப்பாற்றாது என்று பிறகு இயன்முறை மருத்துவர் விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்செயல்பாடு, அத்துடன் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 வயதைக் கடந்தவர்களுக்கு இவற்றோடு வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலையைப் பேணும் பயிற்சி. முதல் பகுதியைத் தாங்கள் நிறைவேற்றிவிட்டீர்கள். பின்னவற்றில் இன்னும் தொடங்கவே இல்லை.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. கையில்லாத மர நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, பத்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். முதல் வாரம் தொடை வலிக்கும். பிறகு சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளுவது, மாடிப்படி ஏறுவது, மேசையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொள்ளலாம். தசைக்குப் புரதமும் வேண்டும். நம் தட்டில் சோறு மலையாகவும் சுண்டல் மடுவாகவும் இருப்பதை மாற்றினால், தங்கள் சர்க்கரைக்கும் அது உதவும்.

கடைசியாகச் சொல்வதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். நீரிழிவுக்காரர் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. நாள்பட்ட நீரிழிவில் பாதத்தின் உணர்வு நரம்புகள் மங்கும்போது, முள் தைத்தாலும் கொப்புளம் எழுந்தாலும் தெரியாமல் போகும். புண் ஆழமான பிறகுதான் கண்ணில் படும். பெருமாளைக் கோயிலுக்குள் வெறுங்காலுடன் வணங்குங்கள், குளத்தைச் செருப்போடு சுற்றுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மறுமொழி 2: கும்பகோணத்திலிருந்து ஓர் இல்லத்தரசி

வணக்கம் ஐயா. சம்படக் கதையைப் படித்துவிட்டு என் கணவரிடமும் காட்டினேன். அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் அடுக்கியது மளிகை ரசீதுகளை.

இந்தப் பேச்சில் பெண்கள் குரல் பெரும்பாலும் வருவதில்லை என்பதால் சொல்கிறேன். உங்களுக்குத்தான் பணி ஓய்வு. உங்கள் துணைவியாருக்கு அடுப்பும் துவைகல்லும் அப்படியேதான் இருக்கின்றன. அதோடு, முப்பது ஆண்டுகளாகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அவருடைய ஆட்சியில் இருந்த வீட்டுக்குள் திடீரென்று ஓர் ஆய்வு அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார். பதினோரு மணிக்கு ஒரு காபி, மூன்று மணிக்கு ஒரு காபி, நடுவில் "இந்த விளக்கு ஏன் எரிகிறது?" என்ற விசாரணை. எங்கள் வீட்டில் ஆறு மாதம் இப்படித்தான் போயிற்று. பிறகு நாங்களே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலை பத்து முதல் ஒரு மணி வரை அவர் வீட்டில் இருப்பதில்லை; கிளை நூலகம், தபால் நிலையம், காய்கறிக் கடை என்று எங்கேயாவது போய்விடுவார். மாலைச் சிற்றுண்டி அவர் பொறுப்பு. முதல் மாதம் உப்புமா கட்டி கட்டியாகத்தான் இருந்தது, நான் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் செய்யும் அடைக்கு அக்கம்பக்கத்தில் பெயர் இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொகை சேமிப்புக் கணக்கில் சும்மா இருக்கும்வரை, கேட்பவர்களுக்கு "இல்லை" என்று சொல்ல உங்களால் முடியாது. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 இலட்சம் ரூபாய் வரை ஐந்து ஆண்டுகளுக்கு வைக்கலாம். 2023 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 15 இலட்சமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். உறவினரிடம் "ஐந்து ஆண்டுக்குப் போட்டுவிட்டேன்" என்று சொல்வது பொய்யும் ஆகாது, உறவும் முறியாது. மருத்துவச் செலவுக்கென ஒரு தொகையை மட்டும் எடுக்கும் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது, ஓய்வூதியக் கொடுப்பாணை எந்த உறையில் இருக்கிறது, குடும்ப ஓய்வூதியத்துக்கு உங்கள் துணைவியார் பெயரும் பிறந்த தேதியும் சரியாகப் பதிந்திருக்கின்றனவா, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் அவரை அருகில் உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். வங்கிக்காரர் மனைவியான எனக்கே பணம் எடுக்கும் அட்டையைப் பயன்படுத்த 58 வயதில்தான் தெரிய வந்தது.

மறுமொழி 3: அஞ்சல்துறை ஓய்வாளர், திருநெல்வேலி

தனியார் பள்ளிப் பணியைப் பற்றி ஐயா கேட்டதற்கு யாரும் விடை சொல்லவில்லை. பணத் தேவை இருந்தால் போகலாம். இல்லையென்றால் வேண்டாம் என்பதே என் கருத்து. தங்களுக்கு இப்போது குறைவாக இருப்பது வேலையன்று. இன்ன நாளில், இன்ன நேரத்தில் தங்களை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற கட்டாயம். நூல்கள் முப்பது பக்கத்தோடு நின்றதற்கும் அதுதான் காரணம். தனக்காக மட்டும் படிப்பதை நாளைக்கு ஒத்திப்போட்டால் கேட்க ஆளில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். தமிழாசிரியருக்கு அது என்னைவிடப் பொருந்தும். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல, வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களாக ஏற்றப்பட்டிருக்கின்றன. பக்கத்தின் படம் ஒரு புறமும், கணினியின் எழுத்துணரி படித்துக் கொடுத்த எழுத்துகள் மறு புறமும் இருக்கும். எழுத்துணரிக்குத் துணைக்காலும் ரகரமும் ஒன்றாகத் தெரியும். பழைய அச்சில் யானைத் துதிக்கை போல வளைந்த ணை, லை, ளை, னை ஆகியவற்றைக் கண்டால் அது திணறிப்போகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்த தலைமுறை நாம். நமக்குத் திணறல் இல்லை. ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறம் பெறும். வேறொருவர் சரிபார்த்த பிறகே அது பச்சையாகும். இந்த இரண்டாவது ஆள் ஏற்பாடுதான் என்னைக் கட்டிப்போட்டது. என் மஞ்சளுக்காகக் காத்திருக்கும் முகம் தெரியாத ஒருவருக்காகவே நாள்தோறும் பத்து மணிக்குக் கணினி முன் அமர்கிறேன். ஐந்து பக்கம் முடிந்ததும் எழுந்துவிடுகிறேன். முதலில் பத்துப் பக்கம் வைத்திருந்தேன்; கழுத்து பிடித்துக்கொண்டது.

கணினி பிடிக்கவில்லையென்றால், பத்தாம் வகுப்பில் தமிழில் தடுமாறும் பிள்ளைகள் நால்வரைச் சனி, ஞாயிறு மாலையில் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லுங்கள். மதிப்பெண் பதிவேடும் தலைமையாசிரியரும் இல்லாத வகுப்பை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர், ஐந்து வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் என் நன்றி. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்திலிருந்து பதினைந்தாகியிருக்கிறது. செருப்போடுதான் நடக்கிறேன், வடகரையில் ஒரு பெரியவர் முறைக்கிறார், பழகிவிடும். சேமிப்புத் திட்டத்தில் பணத்தைப் போட்ட செய்தி பரவியதிலிருந்து உறவினர் இருவரில் ஒருவர் வருவதில்லை.

தனியார் பள்ளிக்கு வர இயலாது என்று எழுதிவிட்டேன். திண்ணைக்கு நால்வரைக் கூப்பிட்டேன்; ஏழு பேர் வருகிறார்கள். விக்கிமூலத்தில் இதுவரை 63 பக்கங்கள் மஞ்சளாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நான் தவறவிட்ட ஒற்றுப்பிழையை யாரோ திருத்திப் பச்சையாக்கியிருந்தார்கள். இரண்டு நாள் எனக்கு மனம் ஆறவில்லை.

கும்பகோணத்து அம்மாவுக்குத் தனியாக ஒரு செய்தி. நோட்டு எழுதி முடித்துவிட்டோம். பெயர்ச்சீட்டுகளை நானே சுரண்டி எடுத்தேன்; சீரகச் சம்படத்தில் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டார். உப்புமா கட்டி விழாமல் இருக்க ரவையை எவ்வளவு நேரம் வறுக்க வேண்டும் என்பதைத் தங்கள் கணவரிடம் கேட்டு எழுத முடியுமா?