புதுப்பிப்பு: நீருக்குப் பயந்த குருளையர்கள்

சாரணர் அணியில் வரும் படகுப் பயணத்தை நினைத்துச் சில குருளையர்கள் (சாரணர் இயக்கத்தின் இளைய பிரிவுப் பிள்ளைகள்) அந்த அணிக்குப் போகவே தயங்குகிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். பெரும்பாலோர் இப்போது மிதக்கிறார்கள்!

நீச்சல் பயிற்சியில் கைவீச்சைத் தள்ளிவைத்துவிட்டு, இடுப்பளவு நீரில் முகத்தை அமிழ்த்தி, குமிழி குமிழியாக மூச்சு விடுவதில் தொடங்கினோம். பயந்த பிள்ளை மூச்சை அடக்கித் தலையைத் தூக்கும். தலை உயர்ந்தால் கால் தாழும், அதனால் பயம் இன்னும் கூடும். மூச்சு சீரானதும் மல்லாந்து மிதப்பது எளிதாகிவிட்டது. பிறகு சுவரை உதைத்து வழுக்கிச் செல்லுதல், காலடிப்பு.

காற்றடைத்த கைப்பட்டைகளை நான் அனுமதிக்கவில்லை. அவை உடலை நிமிர்த்தியே வைக்கும். பெற்றோர் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்க்க, விசில் ஊதினால் இணை இணையாகக் கைகோத்து உயர்த்த வேண்டும் என்ற விதி மட்டும் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

ஒரு சிறுவன் இன்னும் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவனை அவசரப்படுத்தப் போவதில்லை.