டிசம்பர் ஓட்டத்தில் திருவருகைக் காலம்: கோலாலம்பூர், பினாங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: பெட்டாலிங் ஜெயாவில் வேலை. மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ளும் கொண்டோ. ஆண்டு இறுதிக் கணக்கு டிசம்பர் 20 வரை விடாது. திருவருகை என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வார ஆயத்தக் காலம்; ஊரில் பனியும் கோயில் மணியுமே அதற்கு மனசைத் தயார் பண்ணிவிடும். இங்கே எதைப் பிடித்துக்கொள்வது?

செந்தூல் அக்கா: தம்பி, இங்கே குளிர் வந்து உங்களைத் தட்டி எழுப்பாது. சாயங்கால மழை மட்டும்தான். மால்களில் நவம்பரிலேயே மரம் வைத்துப் பாட்டுப் போட்டுவிடுவார்கள். 25-ஆம் தேதி வருவதற்குள் சலித்துவிடும். ஆகவே நேரத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். இரவு ஜெபத்துக்கும் வாசிப்புக்கும் 15 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் என்று தொடங்குகிறவர்கள் முதல் ஓவர்டைமிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இந்த 2026-இல் திருவருகை நவம்பர் 29 தொடங்குகிறது. நான்கு மெழுகுவர்த்தி வேண்டும்: மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிற்றுக்கு ஒரு ரோஸ். ஞாயிற்றுக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றிக்கொண்டே போனால், டிசம்பர் 24 வரை முதல் திரி மொத்தம் 26 இரவுகள் எரியும், நான்காவது 5 இரவுகள்தான். சாதாரண நீள மெழுகுவர்த்தி மணிக்குச் சுமார் 2.5 செ.மீ. கரையும். தினம் 15 நிமிடம் என்றால் முதலாவதற்கு 16 செ.மீ. போய்விடும், 20 செ.மீ. உள்ளதை வாங்குங்கள். நான்காவதற்குப் பாதி போதும்.

தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு ஈர மணல் பரப்பி அதில் ஊன்றுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்தாமல் ஏற்றினால் ஒரு பக்கமாக உருகிச் சாயும். எல்லாரும் செய்கிற தவறு இது. மாவிலை சுற்றினால் நாலு நாளில் சருகு, நெருப்புக்குப் பக்கத்தில் ஆபத்து. மணி பிளாண்ட் கொடியைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு வைத்தால் மாதம் முழுக்கப் பச்சையாக நிற்கும். வீட்டு ஒப்பந்தத்தில் நெருப்புக்குத் தடை இருந்தால் பேட்டரி விளக்கு வையுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

வாசிப்புக்கு லூக்கா நற்செய்தி. 24 அதிகாரம், டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்று என்று பலரும் சொல்வார்கள். ஆனால் முதல் அதிகாரமே 80 வசனம்; அங்கேயே மூச்சு வாங்கும். இப்படிப் பிரியுங்கள்: நவம்பர் 29 அன்று 1:1–38, 30 அன்று 1:39–80, டிசம்பர் 1-இல் இரண்டாம் அதிகாரம். அப்படியே போனால் 23-ஆம் தேதி முடியும். 24 அன்று பிறப்புப் பகுதி 2:1–20 மட்டும் மறுபடி, சத்தமாக. 21, 22 தேதிகளில் இயேசுவின் பாடுகள் வரும். பண்டிகை வாரத்தில் சிலுவையா என்று தாண்டாதீர்கள்.

புடு அண்ணன்: பாவசங்கீர்த்தனத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். டிசம்பரில் பங்குக் கோயில்கள் மாறி மாறி ஒப்புரவு வழிபாடு வைக்கும், பாவசங்கீர்த்தனம் கேட்கப் பல ஃபாதர்கள் வருவார்கள். தமிழில் கேட்பவர் ஓரிருவர்தான் இருப்பார், அந்த வரிசைதான் நீளம். நவம்பர் கடைசி ஞாயிறு பங்கு அறிவிப்புத் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செந்தூல் சூசையப்பர், புடு அந்தோணியார் இரண்டும் பழைய தமிழ்ப் பங்குகள். அங்கே விசாரித்தால் வழி கிடைக்கும். போகும் முன் ஐந்து வரி எழுதிக்கொள்ளுங்கள்: திருப்பித் தராத கடன், வாட்சப்பில் முறித்த உறவு, ரூம்மேட்டிடம் பேசாத நாட்கள். பொதுவாக 'கோபப்பட்டேன்' என்று சொல்லி எழுந்து வருவதைவிட அது மேல்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: நம் லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளிலும் அட்வென்ட் (திருவருகை) உண்டு, பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இல்லை, அங்கே உபவாச ஜெபம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: கேரல் ரவுண்டு, அதாவது வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது. வேலை முடிந்து வேனில் ஏறினால் ஒரே இரவில் ஆறேழு வீடு, வீட்டுக்கு வீடு மீகூனும் (அரிசிச் சேமியா) முறுக்கும். 24 வருவதற்குள் தொண்டை போய்விடும், அந்த 15 நிமிடமும் போய்விடும். எல்லா இரவுக்கும் தலையாட்டாமல் இரண்டு இரவு மட்டும் பெயர் கொடுங்கள்.

பினாங்கு அக்கா: ஜார்ஜ் டவுனில் இருப்பவர்களுக்குப் பினாங்கு ரோடு புனித சவேரியார் கோயில் தமிழர்களின் பழைய கோயில்.

லீவு விஷயத்தை இன்றே பாருங்கள். 1955 வேலைச் சட்டப்படி ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. அதில் 5 கட்டாயம், மற்ற 6 நிறுவனம் தேர்ந்தெடுப்பது. கிறிஸ்துமஸ் அந்த ஐந்தில் இல்லை! நிறுவனம் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பாருங்கள். டிசம்பர் 24 சாதாரண வேலை நாள். இரவுப் பூசை இருந்தால் அரை நாள் லீவை நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். தமிழ்ப் பூசை எல்லா இடத்திலும் நள்ளிரவில் வராது; முன்மாலையிலோ 25 காலையிலோ இருக்கலாம்.

செந்தூல் அக்கா: ஊர்க் குடும்ப ஜெபத்தில் போனில் சேர நினைப்பவர்களுக்கு: மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னே. அங்கே மாலை 7, இங்கே இரவு 9.30, அதற்கே விளக்கேற்றும் நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ஊர்க் கோயில் 11.30 பூசையை நேரலையில் பார்க்க இங்கே அதிகாலை 2 மணிவரை விழித்திருக்க வேண்டும். மறுநாள் காலைப் பூசைக்குப் போகிறவர் அதை விட்டுவிடலாம்.