பெரியம்மாவின் செவலைக்கு ஒரு வீடு வேண்டும் (ஸ்ரீரங்கம்)

மலைக்கோட்டை78:
பெரியம்மா ஸ்ரீரங்கத்தில் தனியாக இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதும், இனி தனியாக விட முடியாது என்று அக்கா மஸ்கட்டுக்குக் கூட்டிப் போகிறாள். விசா வந்துவிட்டது. பிரச்சினை செவலைதான்.

செவலை நாட்டு நாய், பெட்டை. மாம்பழச் சாலையில் வண்டி அடித்துக் கிடந்ததைத் தூக்கிவந்து வளர்த்தார். பல்லைப் பார்த்த டாக்டர் வயது பத்துக்கு மேல் என்கிறார். பின்னங்கால் ஒன்றை இழுத்து நடக்கும். கருத்தடை செய்தாயிற்று, அதற்கு அடையாளமாகக் காதில் வெட்டு இருக்கிறது. வெறிநோய் ஊசி வருஷம் தவறாமல் போட்ட புத்தகம் உண்டு. கண் இரண்டும் நீலம் பூத்த மாதிரி இருக்கின்றன. சாப்பாடு கோழிக்கால் போட்டு வேகவைத்த சோறு, ராத்திரி தயிர்ச்சோறு. பெரியம்மா வீட்டில் முட்டைகூடச் சேராது. இவளுக்காகக் கொல்லையில் தனி அடுப்பு!

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புது ஆண்களைப் பார்த்தால் உறுமும், ஹெல்மெட் என்றால் கேட்கவே வேண்டாம். பூனை ஆகாது. தீபாவளி முடியும்வரை கட்டிலுக்கு அடியில்தான். ஆனால் வீட்டுக்குள் அசிங்கம் செய்ததே இல்லை.

நான் சென்னையில் வாடகைக்கு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரரும் முடியாது என்றுவிட்டார். வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டேன். அழுகிற பொம்மைகள் நிறைய வந்தன, ஆள் வரவில்லை. கேட்ட காப்பகங்களில் இடமில்லையாம். இந்த வயசு நாயை யார்தான் எடுப்பார்கள்?

சோழமண்டலம்:
கோயில் ஊர்தானே நண்பா. கோபுர வாசல் பக்கம் விட்டுவிட்டால் யாராவது சோறு போடுவார்கள். தெருவில் பிறந்ததுதானே.

வடவள்ளி அக்கா:
சோழமண்டலம் தம்பி, இத்தனை வருஷம் வீட்டுக்குள் தூங்கியதைத் தெருவில் விட்டால் அந்தத் தெரு நாய்கள் முதல் ராத்திரியே கடித்துக் குதறிவிடும். அதோடு, பசியும் தாகமுமாகத் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சமே 50 ரூபாய் என்பது தனி வெட்கக்கேடு. நாய் பிடிக்கும் மாநகராட்சி வண்டியும் வழியில்லை. அவர்கள் பிடிப்பது கருத்தடைக்கும் ஊசிக்கும்தான், முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது பொதுவான விதி.

மலைக்கோட்டை தம்பி, படத்தைப் போட்டு முன்பின் தெரியாதவரைத் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். குட்டிக்கு அது சரி. கிழ நாய்க்குப் பெரும்பாலும் வீடு அமைவது, அதை ஏற்கெனவே தெரிந்தவர்களிடம்தான். பெரியம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவளுக்குச் சோறு வைத்தது யார்? யாரைக் கண்டால் வாலாட்டுகிறாள்? அங்கிருந்து ஆரம்பியுங்கள். "எடுத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்காதீர்கள். "உங்களோடு இருக்கட்டும், சாப்பாடும் வைத்தியமும் கடைசிவரை என் செலவு" என்று சொல்லுங்கள். பலரும் தயங்குவது நாயைப் பார்த்து அல்ல, டாக்டர் பில்லைப் பார்த்து.

அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் உண்டா என்று தெரிந்துவிடும். உண்ணிக் காய்ச்சல் என்றால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் 28 நாள் கொடுப்பார்கள். பாதியில் நிறுத்தக் கூடாது. கண் நீலம் பூப்பது பல நாய்களுக்கு வயசில் வருவதுதான், பார்வை பெரிதாகக் குறையாது. கண்புரை வேறு. டாக்டர் லைட் அடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் எடுப்பவருக்குப் பாதி பயம் போய்விடும்.

குறைகளை மறைக்காமல் எழுதியது நல்லது. ஹெல்மெட் விஷயத்தை எடுப்பவரிடமும் முதலிலேயே சொல்லுங்கள்.

ரிட்டயர்டு கார்டு:
வேறு ஊரில் வீடு கிடைத்தால் ரயிலில் அனுப்பும் யோசனை வரும், அதனால் சொல்கிறேன். கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் கூபேயோ (இருவர் அறை) கேபினோ (நால்வர் அறை) முழுவதும் உங்களுக்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கூண்டு. அந்த இரும்புச் சத்தத்தை ஆயுசு முழுக்கக் கேட்டவன் நான். பட்டாசுக்கு நடுங்கும் நாய்க்கு அது வேண்டாம், கார் எடுங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரங்களில் கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மிரண்டால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குங்கள்.

நாங்களும் வயசான பிறகு ஒரு கிழ நாயைத்தான் எடுத்தோம். குட்டியை எடுத்தால் அது எங்களை இழுத்துத் தள்ளிவிடும். உங்கள் பக்கத்தில் பென்ஷன்காரர் வீடுகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மலைக்கோட்டை78:
அக்கா, நீங்கள் கேட்டதும்தான் பெரியம்மாவிடம் விசாரித்தேன். சோறு வைத்தது பின்வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் அம்மாவாம். போன் செய்தேன். "செலவு உங்களது என்றால் இங்கேயே கிடக்கட்டும். ஆனால் தைக்கிற துணி மேல் மட்டும் படுக்கக் கூடாது" என்றார். அவர் மகன் பைக் வைத்திருக்கிறான், ஹெல்மெட்டோடு வருவான். அது ஒன்றுதான் பயம். பெரியம்மா கிளம்பும் அன்றைக்கு மாற்றினால் போதுமா?

வடவள்ளி அக்கா:
கூடாது. பெரியம்மா இருக்கும்போதே, இந்த வாரமே ராத்திரிச் சாப்பாட்டை அங்கே மாற்றுங்கள். அப்புறம் படுக்கை. பழைய போர்வையைத் துவைக்காமல் கொடுங்கள். அந்தப் பையன் ஹெல்மெட்டைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, கையில் ஒரு கோழிக்காலோடு உள்ளே வரட்டும். பழைய வீட்டு வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போவாள், அதற்குத் திட்ட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். மாதப் பணத்தை ஒன்றாம் தேதியே அனுப்பிவிடுங்கள், அவர் கேட்கும்படி வைக்காதீர்கள்.