ஃபோன் மாத்தப்போறேன், கூகுள்ல டூ ஸ்டெப்ப ஆஃப் பண்ணிடலாமா?

கேள்வி:
அடுத்த வாரம் புது ஃபோன் வருது. கூகுள் அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டுக்கு மேல ஒரு கோடும் கேக்கறது) போட்டு வச்சிருக்கேன், கம்ப்யூட்டர்ல மெயில் பாக்க ஒவ்வொரு தடவையும் ஆத்தென்டிகேட்டர் ஆப்ப தொறந்து 6 நம்பர அடிக்கணும், பாதி அடிக்கறதுக்குள்ள அது மாறிடுது, வெறுத்துப்போச்சு. அந்த ஆப்ப டெலீட் பண்ணிட்டா தானா ஆஃப் ஆயிடுமா?

பதில் 1:
அய்யோ ஆப்ப மட்டும் தூக்கிடாதீங்க!! ஆப் போனாலும் அக்கவுண்ட் கோட் கேட்டுக்கிட்டேதான் இருக்கும், குடுக்கத்தான் உங்ககிட்ட எதுவும் இருக்காது. நான் வேற ஒரு அக்கவுண்ட்ல இதே தப்ப செஞ்சு 9 நாள் உள்ள போக முடியல, என் பொண்ணு குழந்தையா இருந்தப்ப எடுத்த போட்டோ மொத்தமும் அதுலதான் இருந்துச்சு, சரியா தூங்கக்கூட இல்ல.

பதில் 2:
ஆஃப் பண்ணியே ஆகணும்னா லாகின்ல இருக்கும்போதே அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி, அதுக்குள்ள டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், அங்க டர்ன் ஆஃப் இருக்கும். ஆனா ஃபோன் மாத்த இது தேவையே இல்லைங்க. பழைய ஃபோன் கைல இருக்கும்போதே ஆத்தென்டிகேட்டர்ல டிரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ் போய் வர்ற க்யூஆர் கோட புது ஃபோன்ல ஸ்கேன் பண்ணுங்க, புதுசுல வர்ற கோட போட்டு ஒருதடவ லாகின் பண்ணி பாத்துட்டு அப்புறமா பழச அழிங்க. அந்த டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் பக்கத்துலயே, ஆப் இல்லாதப்ப போட பேக்கப் கோட்ஸ் 10 தருவாங்க, ஒவ்வொண்ணும் 8 இலக்கம், ஒரு தடவதான் செல்லும், அத பேப்பர்ல எழுதி வைங்க. மெயிலுக்கே அனுப்பி வச்சா பூட்டுக்குள்ளயே சாவிய வச்ச கதைதான். ஃபோன் தொலைஞ்சா அந்த பேப்பர்தான் காப்பாத்தும். (ஆப்பிள் அக்கவுண்ட்னா இன்னும் கஷ்டம், ஆன் பண்ணி 2 வாரம் தாண்டிட்டா ஆஃப் பண்ணவே விடாது.)

பதில் 3:
ஒவ்வொரு தடவையும் கேக்குதுன்னா எங்கயோ இடிக்குதே. கோட் அடிக்கற எடத்துல இந்த டிவைஸ்ல மறுபடி கேக்காதேன்னு ஒரு டிக் இருக்கும், போட்டிருக்கீங்களா? போட்டும் கேட்டா இன்காக்னிட்டோல (மூடினதும் எல்லாத்தையும் மறந்துடற ப்ரௌசர் விண்டோ) தொறக்கறீங்க, இல்ல ப்ரௌசர் மூடும்போது குக்கீஸ் (உங்க டிவைஸ ஞாபகம் வச்சுக்க சைட் ப்ரௌசர்ல போட்டு வைக்கற குறிப்பு) அழியுது.

கேள்வி கேட்டவர்:
குக்கீஸேதான்! மூடும்போது எல்லாம் க்ளியர் ஆகற மாதிரி நானே எப்பவோ செட் பண்ணியிருக்கேன். மாத்திட்டேன், இப்ப மூணு தடவ மூடித் தொறந்தும் கேக்கல. ஆஃப் பண்ணல, பேக்கப் கோட்ஸ் எழுதிட்டு இருக்கேன். ரொம்ப நன்றிங்க.