வளரிளம் பிள்ளைகளிடம் காதலையும் அதற்குள் நடக்கும் வன்முறையையும் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: மாலைப் பாடசாலை ஆசிரியை, வியாசர்பாடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெரு இளைஞர்களோடு சேர்ந்து ஆறு ஆண்டுகளாக ஒரு மாலைப் பாடசாலையை நடத்தி வருகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் முப்பது பேர் வருகிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

சென்ற மாதம் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கன்னம் வீங்கி வந்தாள். படிக்கட்டில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அவளுடைய தோழிதான் நடந்ததைச் சொன்னாள். அவளோடு பழகும் பையன் கைபேசியின் பாஸ்வேர்டைக் கேட்டிருக்கிறான். அவள் தர மறுத்ததும் பேருந்து நிறுத்தத்திலேயே அறைந்திருக்கிறான். அந்த அறையைக் காட்டிலும் என்னைக் கலங்க வைத்தது, தோழி அதற்குச் சொன்ன விளக்கம்: "அவன் ரொம்ப பொசசிவ் டீச்சர், அவ மேல அவ்வளவு பாசம்."

இதைப் பற்றி எல்லாப் பிள்ளைகளிடமும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால், காதல் என்ற சொல் காதில் விழுந்தாலே பெற்றோர் பெண் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். எங்கிருந்து தொடங்குவது? இப்படி ஒன்று தெரிய வந்தால், சட்டப்படி என் கடமை என்ன? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், திருவொற்றியூர்

வணக்கம் சகோதரி. காதலில் தொடங்காதீர்கள், நட்பில் தொடங்குங்கள். நான் வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம்: "உன் நண்பன் ஒருவன், நீ வேறு யாரோடும் பேசக் கூடாது என்கிறான், உன் போனைப் பிடுங்கிப் பார்க்கிறான், கோபம் வந்தால் அடித்துவிட்டு மறுநாள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறான். அவனை என்ன செய்வாய்?" அவன் நண்பனே இல்லை என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பிறகு அதே கேள்வியில் நண்பன் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டுக் காதலன் என்றோ காதலி என்றோ வைத்துக் கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் பாடம் தொடங்குகிறது. அவசரப்பட்டு நாம் விடை சொல்லிவிடக் கூடாது.

பொசசிவ் என்ற சொல்லையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் செயல்கள் என்னென்ன என்று பிள்ளைகளையே கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். எங்கே இருக்கிறாய் என்று படம் எடுத்து அனுப்பச் சொல்வது, வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த நேரத்தைப் பார்த்துவிட்டு விசாரணை நடத்துவது, இந்த உடையை உடுத்தாதே என்பது, தோழிகளிடமிருந்து ஒவ்வொருவராகப் பிரிப்பது, பிரிந்து போனால் கையை அறுத்துக்கொள்வேன் என்று மிரட்டுவது என்று வரிசையாக எழுதிய பிறகு, இவற்றில் எது பாசம் என்று கேளுங்கள். கையை அறுத்துக்கொள்வேன் என்பவருக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படலாம். அதற்கு 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. அந்த உயிருக்குப் பதினாறு வயதுப் பிள்ளை பொறுப்பாளி ஆக முடியாது என்பதை அழுத்தமாகச் சொல்லுங்கள். கட்டுப்படுத்துவது பையனாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். முதலில் இருபாலரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டு, பிறகு சேர்த்து உட்கார வைப்பது நல்லது.

பதில் 2: ஒரு தாய், கொருக்குப்பேட்டை

டீச்சர், பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதற்கு முன்னால் எங்களைப் போன்ற பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். என் மகள் ஒன்றரை ஆண்டு ஒரு பையனுடைய மிரட்டலைத் தாங்கிக்கொண்டிருந்தாள். சேர்ந்து எடுத்த படங்களை அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன் என்பதுதான் அவனுடைய ஆயுதம். அவன் கையில் இருந்தது சாதாரணப் படம்தான், கடற்கரையில் தோளில் சாய்ந்தபடி எடுத்தது. அதற்குப் போய் ஏன் இவ்வளவு பயந்தாய் என்று பின்னால் கேட்டபோது அவள் சொன்ன பதில் இன்றும் என்னை உறுத்துகிறது: "தெரிஞ்சா போனைப் புடுங்குவீங்க, படிப்பை நிறுத்துவீங்க, மாமா பையனுக்குக் கட்டி வெச்சிடுவீங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் தெருவில் அப்படி நடந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும் செய்கிறார்கள். அடிப்பவனுக்குப் பயப்படுவதைவிட எங்களுக்கு அதிகமாகப் பயந்த பிள்ளை எங்களிடம் எப்படி வாயைத் திறப்பாள்? ஆகவே, பிள்ளை தானாக வந்து சொன்னால் படிப்பை நிறுத்த மாட்டோம், அடிக்க மாட்டோம் என்ற ஒரே ஒரு உறுதியைப் பெற்றோரிடம் வாங்குங்கள். என்னைக் கூப்பிட்டால் நானும் வந்து பேசுகிறேன். ஒரு தாய் சொன்னால் இன்னொரு தாய் கேட்பாள்.

பதில் 3: கேரம் பயிற்சி தரும் இளைஞர், காசிமேடு

அக்கா, பையன்களின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வயதில், மறுத்துவிட்ட ஒரு பெண்ணின் பின்னால் நான்கு மாதம் பேருந்தில் போனேன். விடாதே, கட்டாயம் ஒத்துக்கொள்வாள் என்று நண்பர்கள் ஏற்றிவிட்டார்கள். அதைத் தவறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் பார்த்து வளர்ந்த திரைக்கதைகளில் அதுதான் வீரம். எங்கள் பயிற்சியாளர் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "உன்னைப் பார்த்ததும் அந்தப் பொண்ணு பஸ் மாறி ஏறுதே, அது வெட்கமா, பயமா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றோடு நிறுத்தினேன்.

2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்திலும் 2022இல் பரங்கிமலை ரயில் நிலையத்திலும் இளம்பெண்கள் கொல்லப்பட்ட செய்திகளைப் படித்தபோதெல்லாம், அந்த நான்கு மாதங்களில் அந்தப் பெண் தினமும் எதை நினைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருந்திருப்பாள் என்ற எண்ணம்தான் எனக்கு வருகிறது. மறுப்பைக் கேட்டு வீட்டுக்குத் திரும்பி, அழுதுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போவது எப்படி என்று பையன்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அவர்கள் மதிக்கும் ஓர் அண்ணன் சொன்னால் காதில் ஏறும்.

பதில் 4: வழக்கறிஞர், பழைய வண்ணாரப்பேட்டை

சட்டக் கேள்விக்கு மட்டும் பதில் தருகிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தைதான். அவருடைய சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதம் ஆகாது. பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிய வந்தால், காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது. எனவே, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள், அது உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்கு. பரஸ்பர விருப்பத்தோடு பழகிய இளையோர் மீதான ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்திருக்கிறது. ஆனாலும், சட்டத்தில் வயது வரம்பு 18 ஆகவே இருக்கிறது என்பதைப் பையன்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் தொடர்ந்து சென்று மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வதும், அவளுடைய இணையத் தொடர்புகளைக் கண்காணிப்பதும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றமாகும். முதல் முறைக்கு 3 ஆண்டுகள் வரை சிறை. படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால், செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். அந்தரங்கப் படமாக இருந்து பிள்ளை 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், டேக் இட் டவுன் என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமல், அதன் எண்வழிக் கைரேகையை (படத்தை அடையாளம் காண அதிலிருந்தே உருவாக்கப்படும் குறியீட்டை) மட்டும் கொண்டு, இதில் இணைந்துள்ள சமூக ஊடகங்களில் அந்தப் படம் பரவாமல் தடுக்க அது உதவுகிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, உடனடி ஆபத்துக்கு 112.

உங்கள் மாணவியைப் பற்றி ஒரு வேண்டுகோள். இன்றே அவனை விட்டுவிடு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பிரிய முடிவெடுத்த நாள்களில்தான் ஆபத்து கூடுகிறது. கடைசியாக ஒருமுறை பார்த்துப் பேச வேண்டும் என்று அவன் அழைத்தால், அவள் தனியாகப் போகவே கூடாது. எந்த வழியாக வீட்டுக்குப் போவாள், யார் உடன் வருவார்கள், பயமாக இருந்தால் யாருக்கு என்ன சொல்லி அழைப்பாள் என்பதையெல்லாம் முன்கூட்டியே அவளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நட்புக் கேள்வியை அடுத்த வாரம் வகுப்பில் கேட்கப் போகிறேன். அதற்கு முன்பாக இந்த ஞாயிறு மாலை பெற்றோரை அழைத்திருக்கிறேன். கொருக்குப்பேட்டைச் சகோதரி கட்டாயம் வர வேண்டும், காசிமேட்டுத் தம்பியும் பையன்களிடம் பேச ஒரு நாள் ஒதுக்க வேண்டும். அந்த மாணவியிடம் நேற்று, படிக்கட்டைப் பற்றி எதுவும் கேட்காமல், உன் பேருந்து வரும்வரை நானும் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நிறுத்தத்தில் இருபது நிமிடம் பேசாமல் நின்றோம். பேருந்தில் ஏறும்போது, நாளைக்கும் வருவீங்களா டீச்சர் என்று கேட்டாள்.